மேலும் கீழும் தூக்கும் பழைய யன்னல்கள்: திருத்துவதா, கழற்றி அலுமினியம் போடுவதா?

கொட்டாஞ்சேனை மாடிவீடு

வணக்கம். கொட்டாஞ்சேனையில் என் அம்மப்பாவின் பழைய மாடிவீட்டில்தான் நானும் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கிறோம். மேல்மாடியில் தெருப் பக்கம் நான்கு யன்னல்கள். வழக்கமான இரட்டைக் கதவு யன்னல் இல்லை. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்று மேலும் கீழும் வழுக்குகிற சாஷ் யன்னல். நிலையின் உச்சியில் பித்தளைக் கப்பி இருக்கிறது. அதில் ஓடுகிற கயிறு சுவருக்குள் எங்கேயோ போகிறது.

கீழ்ச் சட்டங்களின் கயிறுகள் அறுந்து பல வருடம். தூக்கினால் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டை நழுவினால் சட்டம் விழுந்து சின்னவனின் விரலை நசுக்கிவிடும் என்று ஒவ்வொரு நாளும் பயம். மேல் சட்டங்கள் பெயின்ற் பூசிப் பூசி ஒட்டிப்போய்விட்டன, அவை இறங்கி நான் பார்த்ததே இல்லை. தென்மேல் பருவக்காற்று மழைக்கு அடியால் தண்ணீர் வருகிறது. ஒரு யன்னலின் அடிச்சட்டத்தில் நகத்தை வைத்தால் உள்ளே இறங்குகிறது. காற்றடித்தால் இரவு முழுக்கக் கடகடவென்று சத்தம்.

கனடாவில் இருக்கும் அண்ணா, காசு அனுப்புகிறேன், நான்கையும் கழற்றிவிட்டு அலுமினியம் போடு என்கிறார். வந்து பார்த்த கொந்தராத்துக்காரரும் அதையேதான் சொன்னார், இதைத் திருத்த இப்போது ஆளில்லையாம். அம்மாவுக்கு மனமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீடு, மனமில்லை என்பதற்காக மட்டும் வைத்திருக்க முடியாது. இவற்றைத் திருத்தி ஒழுங்காகப் பாவிக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓடாவி மகன்

தங்கச்சி, கழற்ற விடாதீர்கள். முதலில் என்ன பழுதாகியிருக்கிறது என்று பார்ப்போம்.

என் அப்பா ஓடாவி. கறுவாத்தோட்டத்திலும் கோட்டையிலும் பழைய கட்டடங்களில் இந்த வகை யன்னல்களைத் திருத்தியவர். நான் கூடப் போய்ப் பழகினேன், இன்றைக்கும் மரவேலைதான் செய்கிறேன். நீங்கள் சொன்னதில் மரம் கெட்டது ஒரே ஓர் இடத்தில். மற்றதெல்லாம் கயிறு, பெயின்ற், தேய்மானம். அதற்காக நான்கு யன்னலை எறிவது பெரிய அநியாயம்.

வேலை செய்கிற விதம் இதுதான். நிலையின் இரு பக்கத் தூண்களும் உள்ளே பொந்து. அந்தப் பொந்துக்குள் இரும்பு எடைக்குண்டுகள் தொங்குகின்றன. கயிறு கப்பியில் ஏறி, ஒரு நுனி குண்டிலும் மறு நுனி சட்டத்தின் பக்கத்திலும் இருக்கும். இரண்டு குண்டும் சேர்ந்து சட்டத்தின் பாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், அதனால்தான் நல்ல நிலையில் உள்ள யன்னலை ஒரு கையால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். உங்கள் கயிறு அறுந்தபோது குண்டு பொந்தின் அடியில் விழுந்திருக்கும். பெரும்பாலும் இன்னமும் அங்கேதான் கிடக்கும். பக்கத் தூணின் கீழ்ப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள், ஒரு முழம் அளவில் ஒரு மரத்துண்டு மூடி மாதிரி வெட்டப்பட்டிருக்கும். பெயின்ற் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கழற்றினால் குண்டு கைக்கு வரும்.

கீழ்ச் சட்டத்தை வெளியே எடுக்க, அறைப் பக்கம் ஆணி அடித்திருக்கும் மெல்லிய ஓரச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். முதலில் பெயின்ற் கோட்டைக் கத்தியால் அறுத்துவிட்டு, நடுவிலிருந்து மெதுவாக நெம்புங்கள். மேல் சட்டத்துக்கு இரண்டுக்கும் நடுவே ஓடுகிற பிரிப்புச் சட்டத்தையும் எடுக்க வேண்டும். அது ஒடிந்தாலும் கவலையில்லை, புதிதாகச் சீவிப் போடுவது சின்ன வேலை.

இப்போது ஒரு திருப்புளியை எடுத்து எல்லா அடிச்சட்டங்களையும், மூலைப் பொருத்துகளையும், வெளிப்படிக் கட்டையையும் குத்திப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் நல்ல மரம். பழைய கொழும்பு வீடுகளில் தேக்கு, முதிரை, பலா என்று வைரம் பாய்ந்த மரம்தான் போட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்தத் தரத்தில் வாங்கப் போனால் விலையைக் கேட்டே திரும்பி வருவீர்கள். குத்தும்போது மாவு கொட்டினாலோ, சுவரோரம் மண்கோடு தெரிந்தாலோ எனக்குச் சொல்லுங்கள். கறையானுக்கு அந்தப் பொந்து நல்ல பாதை, மருந்து அடிக்காமல் மரத்தில் கை வைக்கக்கூடாது.

வெள்ளவத்தை அக்கா

நான் அலுமினியம் போட்டவள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் பழைய மர யன்னல்களைக் கறையான் முழுதாக அரித்துவிட்டது, வேறு வழி இருக்கவில்லை. தண்ணீர் வருவது நின்றது, சத்தம் நின்றது, நுளம்பு வலையும் சேர்ந்தே வந்தது. அது உண்மை.

ஆனால் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றுக்கு அலுமினியம் ஒன்றுமே ஆகாது என்று நினைக்க வேண்டாம். சில்லுகளும் பூட்டும் பிடித்துக்கொண்டன, சட்டத்தில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது, ரப்பர் சுருங்கிப் போனது. சில்லு மாற்றப் போனால், அந்த மொடல் இப்போது இல்லை அக்கா என்கிறார்கள். மரத்தில் ஒரு துண்டு கெட்டால் ஓடாவி ஒரு துண்டு வெட்டிப் போடுவார், இதில் அது நடக்காது. அறையும் முன்பைவிட வெக்கை. உங்கள் மரம் நன்றாக இருந்தால் நான் உங்கள் அம்மாவின் பக்கம்தான்.

வரைபடக்காரன்

கட்டட வரைபட வேலை செய்கிறவன். கயிறு சுவருக்குள் போகிறது என்று எழுதியிருந்தீர்கள், அது முக்கியமான விஷயம். லண்டனில் 1709இல் வந்த கட்டடச் சட்டம், தீ பரவாமல் இருக்க யன்னல் நிலைகளைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774இல் வந்த சட்டம் எடைக்குண்டுப் பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்க வைத்தது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கட்டும் முறை அவர்கள் போன இடமெல்லாம் போனது. உங்கள் வீட்டிலும் பெட்டி சுவருக்குள் புதைந்திருக்கிறது போலத் தெரிகிறது. அப்படியானால் நிலையோடு பிடுங்கும்போது பூச்சும் செங்கல்லும் சேர்ந்து வரும். கொந்தராத்துக்காரர் தந்த விலையில் சுவரைத் திரும்பக் கட்டிப் பூசுவது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அலுமினியம் மலிவு என்று தோன்றுவது பெரும்பாலும் இந்தக் கணக்கை விட்டுவிடுவதால்தான்.

இன்னொன்று. தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் வீடு அவ்வளவு பழையதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் தெருமுகத்தை மாற்றுவதற்கு முன் மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கொட்டாஞ்சேனை மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. ஓடாவி அண்ணா சொன்னபடி பக்கத்து வீட்டுத் தம்பியின் உதவியோடு ஒரு யன்னலைத் திறந்து பார்த்தேன். மூடி இருந்தது! உள்ளே இரண்டு இரும்புக் குண்டுகளும் அப்படியே கிடந்தன, துரு மட்டும். கயிறு கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது. நான்கு யன்னல்களையும் குத்திப் பார்த்தோம். மெத்தென்று இருப்பது ஒரு அடிச்சட்டத்தின் இடது மூலையும், அதற்குக் கீழே உள்ள வெளிப்படியில் ஒரு சாண் அளவும்தான். அந்த இடத்தில் யாரோ முன்பு சீமெந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். கறையான் தடம் இல்லை.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணாவுடன் கதைத்தேன், அதே காசைத் திருத்துவதற்கே தருகிறேன் என்றார். ஆனால் பிள்ளைகளுக்கு நுளம்பு வலை கட்டாயம் வேண்டும் என்கிறார், டெங்கு பயம் எனக்கும் இருக்கிறது. இனி எப்படித் தொடங்குவது? ஒரு கண்ணாடி வெடித்திருக்கிறது, எல்லாவற்றையும் தடிப்பான கண்ணாடியாக மாற்றிவிடலாமா?

ஓடாவி மகன்

நல்ல செய்தி தங்கச்சி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், வேலைக்கு வருகிற பாஸிடம் அப்படியே காட்டுங்கள்.

முதலில் பிள்ளைகள் விஷயம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும் என்று வைத்தே வேலை செய்யுங்கள். இங்கே பெயின்றில் ஈயத்துக்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான், உங்கள் யன்னலில் அதற்கு முந்திய பூச்சு எத்தனை அடுக்கு இருக்குமோ. உலர்ந்தபடி அரத்தாள் போடவோ, நெருப்பு ஊதிச் சுடவோ விடாதீர்கள். நனைத்து நனைத்துச் சுரண்ட வேண்டும், கீழே பொலித்தீன் விரித்து அந்தக் குப்பையைக் கட்டி எடுக்க வேண்டும், ஈரத்துணியால் தரையைத் துடைக்க வேண்டும். அது முடியும்வரை பிள்ளைகள் அந்த மாடிக்கே போகக்கூடாது. இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவசரத்தில் மெஷினை எடுத்து அரைத்துவிடலாம் என்று சொல்கிற ஆள் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கெட்ட மூலைக்குச் சீமெந்தும் வேண்டாம், சுவர்ப் புட்டியும் வேண்டாம். சீமெந்து ஈரத்தைப் பிடித்துவைத்து பக்கத்து மரத்தையும் அழுக வைக்கும், உங்கள் வெளிப்படியில் நடந்தது அதுதான். கெட்டதை நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி எடுத்து, அதே ஜாதி மரத்தில், ரேகை ஒரே பக்கம் ஓடும்படி, துண்டு சேர்க்க வேண்டும். தண்ணீர் தாங்கும் பசை பாவிக்க வேண்டும். பொருத்தின் சாய்வு மழைத்தண்ணீர் வெளியே வழியும் பக்கமாக இருக்கட்டும். வெளிப்படி வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு பெயின்றால் அடைபட்டால் தண்ணீர் உள்பக்கம் ஊர்ந்து வரும். பல வீடுகளில் மழை வருவதற்குக் காரணம் அதுதான், அடைப்பை எடுத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

கண்ணாடி: தடிப்பாக்க வேண்டாம். 3 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 7.5 கிலோ. 5 மில்லிமீற்றர் என்றால் 12.5 கிலோ. சட்டம் அவ்வளவு பாரமானால் பழைய குண்டுகள் தாங்காது, தூக்கிவிட்ட யன்னல் திரும்ப விழும், உங்கள் பயமே அதுதானே. வெடித்ததை மட்டும் 3இல் மாற்றி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கண்ணாடிப் புட்டியில் பதியுங்கள். மற்றக் கண்ணாடிகளைத் தொடவேண்டாம். கயிறு கட்டுவதற்கு முன் சட்டத்தையும் குண்டையும் ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். கீழ்ச் சட்டத்துக்குக் குண்டுகள் ஒரு பொட்டுக் குறைவாகவும், மேல் சட்டத்துக்கு ஒரு பொட்டுக் கூடவும் இருந்தால் இரண்டும் மூடியபடி இறுகி நிற்கும்.

கயிற்றுக்கு பழைய சோனகத் தெருவில் கேளுங்கள். நைலோன் வேண்டாம், இழுபடும். நடுவில் பொலியெஸ்ரர் உள்ள பின்னல் கயிறு நல்லது, வெறும் பருத்தி நம் ஈரக்காற்றில் கெதியாக உக்கிவிடும். ஓர் இரவு குண்டைத் தொங்கவிட்டு இழுபட விட்டுவிட்டு அளவெடுங்கள். சட்டம் முழுதாக ஏறி நிற்கும்போது குண்டு பொந்தின் அடியில் முட்டக்கூடாது, முழுதாக இறங்கும்போது கப்பியில் முட்டக்கூடாது. கயிற்றுக்கு மேல் பெயின்ற் படவே கூடாது. சட்டம் உரசுகிற பக்கங்களுக்கும் பெயின்ற் இல்லை, மெழுகுதிரி தேய்த்தால் போதும்.

மேல் சட்டங்களை எப்படியாவது இறங்க வையுங்கள். மேலே ஒரு சாணும் கீழே ஒரு சாணும் திறந்துவிட்டால் வெக்கை மேலால் போகும், கீழால் குளிர்ந்த காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் அந்த அறை அப்படித்தான் குளிர்ந்தது. பக்கவாட்டில் தள்ளுகிற அலுமினிய யன்னலும் பாதிதான் திறக்கும், ஆனால் அதில் இந்த மேல் கீழ் ஓட்டம் கிடைக்காது.

கடகட சத்தத்துக்கு, ஓரச் சட்டத்தைத் திரும்ப அடிக்கும்போது இறுக்கமாக வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். இரண்டு சட்டமும் சந்திக்கிற நடுவில் ஒரு பித்தளைக் கொளுக்கி போட்டு இழுத்துப் பூட்டினால் மிச்சமும் நிற்கும். இரும்புத் திருகாணி ஒன்றும் வேண்டாம், துறைமுகக் காற்று அதைத் தின்றுவிடும்.

நுளம்பு வலையை வெளிப்பக்கம், நிலையின் முழு உயரத்துக்கும் மெல்லிய சட்டத்தில் போடலாம். அப்போது உள்ளே இரண்டு சட்டமும் தடையில்லாமல் ஓடும். கழுவ எடுக்கும்படி திருப்புக் கட்டைகளில் மாட்டச் சொல்லுங்கள். பெயின்ற் அடிக்கச் சாரம் கட்டும்போதே அதையும் முடித்துவிடலாம்.

காலம்: தை முடிந்து பங்குனிக்குள் செய்யுங்கள். சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், ஈர மரத்தில் பூசிய பெயின்ற் தங்காது. ஒரு யன்னலை முதலில் முடித்து, ஒரு மழைக்கு விட்டுப் பாருங்கள், பிறகு மற்ற மூன்றையும் கொடுங்கள். விலையையும் யன்னல் கணக்கில் பிரித்துக் கேளுங்கள்: கயிறு, துண்டு சேர்ப்பு, கண்ணாடி, பூச்சு தனித்தனியாக. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் எங்கே காசு போகிறது என்று தெரியாது.

கொட்டாஞ்சேனை மாடிவீடு

அப்படியே எழுதி வைத்துவிட்டேன் அண்ணா. ஒரு கேள்வி மட்டும்: குண்டுகளில் உள்ள துருவை என்ன செய்வது?

ஓடாவி மகன்

கம்பித் தூரிகையால் உதிர்வதை மட்டும் தட்டுங்கள், கழிவெண்ணெய் பூச வேண்டாம், கயிற்றை அது கெடுக்கும். ஒரு பூச்சுத் துருத்தடுப்பு போதும். எந்தக் குண்டு எந்த யன்னலுக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று சோக்கட்டியால் எழுதி வையுங்கள், மாறினால் சட்டம் கோணலாக ஏறும்.