போர்டு ரிப்போர்ட்டுக்கு 'இயக்குநரவை அறிக்கை'

நண்பர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழு, அதாவது போர்டு, ஆண்டுதோறும் பங்குதாரர்களுக்குத் தரும் அறிக்கைதான் போர்டு ரிப்போர்ட். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. 'வாரிய அறிக்கை' போதும் என்கிறார் ஒரு நண்பர். உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரி வாரியம் இருக்கிறது, பழைய சொல்தான். ஆனால் இன்று வாரியம் என்றதும் கரண்ட் பில் ஞாபகம்தான் வருகிறது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு சிக்கல்: வாரியம் என்றால், கோயில் பணி செய்துவந்த வாரியர் குடும்பத்தார் வீடு. கொழிஞ்சாம்பாறையில் போய்ச் சொன்னால், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் என்று கேட்பார்கள்.

என் பரிந்துரை 'இயக்குநரவை அறிக்கை'. அமைச்சரவை பழகிய காதுக்கு இது உறுத்தாது. முடிவுக்கு எல்லாரும் சேர்ந்து பொறுப்பு என்ற பொருளும் கூடவே வந்துவிடும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 134 இந்த அறிக்கையை போர்டிடம்தான் கேட்கிறது. போர்டு அதிகாரம் கொடுத்திருந்தால் தலைவர் மட்டும் கையெழுத்திடலாம். இல்லாவிட்டால் குறைந்தது இரண்டு இயக்குநர்கள், அதில் ஒருவர் நிர்வாக இயக்குநர். ஆகவே பலர் எழுதும் 'இயக்குநர்கள் அறிக்கை'யில் எனக்கு உடன்பாடில்லை.

'ஆண்டறிக்கை' என்றே விட்டுவிடலாமே என்றும் ஒரு கேள்வி வந்தது. ஆண்டறிக்கை முழுப் புத்தகம். நிதிநிலைக் கணக்கு, தணிக்கையாளர் அறிக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். இயக்குநரவை அறிக்கை அதில் ஒரு பகுதி. தணிக்கையாளர் ஏதாவது குறை எழுதியிருந்தால், அதற்கு போர்டு விளக்கம் சொல்லியாக வேண்டிய இடமும் இந்தப் பகுதிதான். சித்தூர்ப் பக்கத்துப் பால் சங்கத்தில் என்றால் எழுந்து நின்று 'இந்தக் கணக்கு என்னாச்சு' என்று கேட்டுவிடலாம். எங்கோ இருக்கும் பங்குதாரருக்குக் கையில் இருப்பது இந்தப் பக்கங்கள்தான். முழுப் புத்தகத்துக்கும் இந்தப் பகுதிக்கும் ஒரே பெயர் வைத்தால் அவர் எதைப் புரட்டுவார்?

அப்புறம், பிரிவு 134(5). கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றினோம், நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அடிப்படையில் கணக்கு எழுதினோம் என்றெல்லாம் இயக்குநர்கள் உறுதி சொல்லும் பகுதி. பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் உள் நிதிக் கட்டுப்பாடுகள் போதுமானவை, சரியாக இயங்கின என்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 'Directors' Responsibility Statement'. இதை 'பொறுப்பு அறிக்கை' என்றால் அறிக்கைக்குள் இன்னொரு அறிக்கை ஆகிவிடும். 'பொறுப்புத் துறப்பு' எல்லாருக்கும் பழகிவிட்டது. அதற்கு நேரெதிரான இதை 'பொறுப்பேற்புரை' என்போமே.

கடைசியாக, பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம். அதற்கு இங்கே மலையாள வழக்கில் 'பொதுயோகம்' என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் ஜாதகத்தைத் தேடுவார்கள். 'பொதுக்கூட்டம்' என்றால் மைக், மேடை, கட்சிக்கொடி. கூட்டுறவுச் சங்கங்களில் புழங்கும் 'பேரவைக் கூட்டம்' சரியாக வரும் என்று படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.