1973 போர்ஷே 911டி-யில் 964-இன் 3.6 இன்ஜின்: ஃப்ளைவீல் விஷயத்தில் உதவி வேண்டும்

நண்பர்களே, பழைய 2.4 லிட்டர் இன்ஜினை இறக்கியாச்சு. ஏற்றப்போவது 964-இன் (பிந்தைய 911 தலைமுறை) 3.6 லிட்டர், 250 குதிரைத்திறன், சிலிண்டருக்கு இரண்டு பிளக். 915 கியர்பாக்ஸை மாற்றுவதாக இல்லை.

சிக்கல் ஃப்ளைவீலில்தான் (கிராங்க் முனையில் சுழலும் கனமான சக்கரம், கிளட்ச் இதன் மேல் உட்காரும்). பழைய கிராங்கில் 6 போல்ட், 3.6-இல் 9, அதனால் பழைய ஃப்ளைவீல் உட்காராது. 964-இன் இரட்டை நிறை ஃப்ளைவீலோ 915-இன் பெல்ஹவுசிங்குக்குள் (கிளட்ச்சை மூடும் உறை) அடங்காது. 911 எஸ்சி மாடலின் ஃப்ளைவீல் 9 போல்ட், 225 மிமீ கிளட்ச்சும் பொருந்தும். ஆனால் மோட்ரானிக் (3.6-இன் எரிபொருளையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கணினி) தேடும் பல்வரிசை அதில் இல்லை: 60 பல்லுக்கு இடம், அதில் 2 விடுபட்டு 58. அந்த இடைவெளி சென்சாருக்குத் தெரியாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், பிளக்கில் பொறி வராது.

கேள்வி இதுதான்: எஸ்சி ஃப்ளைவீலில் பல்வளையம் பொருத்தியவர்கள், விடுபட்ட பல்லை முதல் சிலிண்டரின் டிடிசி-யிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்? சென்சாரை எங்கே பிடித்தீர்கள்? அளவோடு படம் போட்டால் பெரிய உதவி.

கார்புரேட்டர் பம்ப் மோட்ரானிக்குக்குப் போதாது, உயர் அழுத்த பம்ப் வாங்கியாச்சு. வலது முன் ஃபென்டருக்குள் ஆயில் கூலரும் வருகிறது. அதற்கான ஆயில் லைனுக்கு பித்தளைக் குழாயா, பின்னல் ஹோஸா, எது நீடித்தது?