மறு: சிதைவு நடக்கும் புள்ளிக்குச் சொல் வேண்டும் (ஐந்தாம் இயல், அவசரம்)

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர்,

கன அயனி மோதல்களை, அதாவது ஈயம், தங்கம் போன்ற கனமான அணுக்கருக்களின் மோதல்களைப் பற்றிய சிறுநூலின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்து இயற்பியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுக்கான நூல் இது. ஐந்தாம் இயலில் மட்டும் நான்கு சொற்கள் தீராமல் நிற்கின்றன.

இரண்டு ஈய அணுக்கருக்கள் ஒளியை நெருங்கும் வேகத்தில் மோதும் முதல் கணத்திலேயே சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணையாகப் பிறக்கின்றன. குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் சூடான நிலையான குவார்க்-குளுவான் பிளாஸ்மா உருவாகும் முன்பே பிறந்து, அதன் ஊடாகக் கடந்து, அது குளிர்ந்தபின் டி மேசான் போன்ற துகள்களுக்குள் அடங்குவதால், அந்தப் பிளாஸ்மாவில் நடந்ததைச் சொல்ல இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் சாட்சியின் ஆயுள் குறைவு. மின்னேற்றமற்ற டி மேசானின் சராசரி வாழ்நாள் 0.41 பிக்கோ நொடி. அதற்குள் ஒளியே 123 மைக்ரோமீட்டர்தான் செல்லும். பிறகு அது, தன்னைவிட இலேசான துகள்களான ஒரு கேயானாகவும் ஒரு பையானாகவும் சிதையலாம்.

மோதல் நடந்த புள்ளி, சிதைவு நடந்த புள்ளி இரண்டையும் மூலநூல் 'வெர்டெக்ஸ்' என்றே குறித்து, முன்னதை முதன்மை என்றும் பின்னதை இரண்டாம் நிலை என்றும் பிரிக்கிறது. நான் 'முதன்மை உச்சி', 'இரண்டாம் உச்சி' என்று எழுதி வைத்திருக்கிறேன். உரக்கப் படித்தால் மலையேற்ற நூல் போல ஒலிக்கிறது. மற்ற மூன்று: ஆங்கிலத்தில் கவர்ச்சி, வசீகரம் என்று பொருள்படும் 'சார்ம்' என்பதற்குத் தமிழ் வேண்டுமா, தடத்துக்கும் மோதல் புள்ளிக்கும் இடையிலான தொலைவை எப்படிச் சொல்வது, 'கன அயனி'யைச் சேர்த்தெழுதலாமா. வியாழன் மாலைக்குள் கருத்துகள் வந்தால் உதவியாக இருக்கும்.

அனுப்பியவர்: இலக்கண ஆசிரியர்

எளியதை முதலில் முடித்துவிடலாம். 'கன', 'அயனி' என்பவை வகர உடம்படுமெய் பெற்றுக் 'கனவயனி' ஆகும். 'கனவு' என்பதோடு 'அயனி' சேர்ந்தாலும், ஈற்றிலுள்ள முற்றியலுகரம் கெட்டு அதே 'கனவயனி'தான் வரும். விதிக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் மாணவர் எதை நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரித்தே எழுதுக.

'உச்சி' மேலே இருப்பது. தடங்கள் எல்லாத் திசையிலும் புறப்படும் புள்ளிக்கு மேலும் கீழும் இல்லை. முக்கோணத்துக்கு உச்சி, பரவளையத்துக்கு முனை என்று பள்ளிக் கணிதமே இரண்டு சொல்லைப் புழங்குவதால், 'முனை' எடுப்பதில் மரபுப் பிழை ஏதுமில்லை. சிதைவு நிகழும் முனையைச் 'சிதைமுனை' எனலாம். இது வினைத்தொகை; சிதைந்த முனை, சிதைகின்ற முனை, சிதையும் முனை என முக்காலத்துக்கும் விரியும். முனைக்குப் பதில் புள்ளி வேண்டுவோர் 'சிதைபுள்ளி' என ஒற்று மிகாமல் எழுத வேண்டும். 'சிதைவுப்புள்ளி' என்றால் ஒற்றும் மிகும், நீளமும் மிகும்.

'சார்ம்' என்ற எழுத்துப்பெயர்ப்பை ஏற்க இயலாது. ரகர ஒற்றும் மகர ஒற்றும் அடுத்தடுத்து நின்று சொல் முடிவது தமிழில் இல்லை. செய்யுள் இறுதியில் 'போலும்' என்பது 'போன்ம்' என ஈரொற்றாய் முடிவதைக் காட்டி யாரேனும் வாதிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: அங்கே நிற்பது னகரம், ரகரம் அன்று.

அனுப்பியவர்: கண்டறிவான் குழுவில் பணியாற்றியவர்

ஐயா சொன்ன முக்காலம் எங்கள் வேலைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த முனையை எந்தக் கருவியும் பார்ப்பதில்லை. செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனையில் 2021இல் பொருத்தப்பட்ட உள்தடங்காணியில் ஏழு சிலிக்கான் அடுக்குகளும் ஏறத்தாழ 1250 கோடிப் படப்புள்ளிகளும் இருக்கின்றன. ஆயினும் முதல் அடுக்கு கற்றையின் நடுக்கோட்டிலிருந்து 22 மில்லிமீட்டர் அளவில் தள்ளித்தான் தொடங்குகிறது. டி மேசான்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரையே எட்டுவதில்லை. அடுக்குகளில் பதிவன கேயானும் பையானும் கடந்த இடங்கள் மட்டுமே. அவற்றைத் தடமாகத் தொடுத்துப் பின்னோக்கி நீட்டுகிறோம். முப்பரிமாண வெளியில் இரண்டு தடங்கள் சரியாக வெட்டிக்கொள்வது கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அவை மிக நெருங்கும் இடத்தைக் கணித்து, இடையில் ஒரு புள்ளியை வைத்து, அதற்குத்தான் இப்போது பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி, தொல்லை எங்கே என்றால் கூட்டத்தில். இரண்டு ஈய அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதினால் ஆயிரக்கணக்கான மின்னேற்றத் தடங்கள் எழும். எதை எதோடு இணைத்தாலும் எங்கோ ஓரிடத்தில் நெருங்கத்தான் செய்யும். டி மேசான்களிலோ நூற்றில் நான்கு மட்டுமே இந்தக் கேயான்-பையான் வழியில் சிதைகின்றன. ஆகவே கணினி அடுக்கித் தரும் முனைகளில் மிகப் பெரும்பாலானவை பொய். மெய்யானதைப் பிரித்தெடுக்க, இணையின் நிறை டி மேசானுக்குரிய அளவுக்கு அருகில் வருகிறதா என்று பார்ப்பதோடு, முனை மோதல் புள்ளியிலிருந்து தெளிவாக விலகியிருக்கிறதா என்றும் பார்க்கிறோம். அந்த விலகல்தான் முறையின் உயிர். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஸ்டார் சோதனை 2014 முதல் 2016 வரை மோதல் புள்ளிக்கு அருகே மெல்லிய படப்புள்ளி அடுக்குகளைப் பொருத்தித் தங்க அணுக்கரு மோதல்களைப் பதிவுசெய்ததும் இந்தச் சிறு இடைவெளிக்காகத்தான். எனவே என் பரிந்துரை 'விலகுமுனை'. 'சிதைமுனை' இரண்டாம் தேர்வு.

'இரண்டாம்' என்ற எண் மட்டும் வேண்டாம். டி மேசானைவிடக் கனமான பி மேசான் சிதைந்து அதிலிருந்து டி மேசான் பிறப்பதும் உண்டு. அப்போது டி சிதையும் இடம் மூன்றாவது. எண் போட்டுவிட்டால் அந்தப் பத்தியில் மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொள்வார்.

கூடவே ஒன்று: கேயான், பையான் உந்தங்களைக் கூட்டினால் வரும் திசை மோதல் புள்ளியை நோக்கிச் சுட்ட வேண்டும். அந்தக் கோணத்துக்குச் 'சுட்டுக்கோணம்' என்று போடலாமா?

அனுப்பியவர்: சொற்பிறப்பு ஆர்வலர்

சுட்டுக்கோணம் மிக நன்று. மற்றவற்றில் பழந்தமிழ் வைத்திருக்கும் செல்வத்தை யாரும் தொடவில்லையே என்று வியக்கிறேன்.

1947இல் ரோச்செஸ்டர், பட்லர் என்ற இயற்பியலாளர்கள், துகள் சென்ற தடத்தை நுண்துளிகளால் காட்டும் முகிலறையின் படத்தில் கண்டது என்ன? வெற்றிடத்திலிருந்து திடீரென இரண்டாகப் பிரிந்த தடம். அந்த வடிவத்தை வைத்தே அவற்றை 'வி துகள்கள்' என்றார்கள். அவர்கள் எழுத்தில் வடிவம் தேடினார்கள். நமக்குச் சொல்லே இருக்கிறது: கவை. கவடு, கவட்டை, கவைக்கோல் எல்லாம் அவ்வழி வந்தவை. வழி இரண்டாகப் பிரிவது கவர்த்தல். அவ்வாறு பிரிந்தது கவர்வழி. இருபொருள் படுவது கவர்பொருள். அதே 'கவர்' மனத்தை ஈர்ப்பதையும் குறிக்கிறது, அதிலிருந்து கவர்ச்சி. ஆக, சார்ம் துகளின் பெயரும் அது சிதைந்து கிளைக்கும் வடிவமும் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன! துகள் 'கவர்வன்', முனை 'கவர்முனை'. உலகில் வேறெந்த மொழிக்கும் இது வாய்க்காது.

இன்னும் ஆழமாகப் போனால், வழிகள் பிரியும் இடத்துக்குச் சங்கப் பாடல்கள் வழங்கும் சொல் 'கவலை'. மனம் பல வழியாகப் பிரிந்து தடுமாறுவதும் அதனால்தான் கவலை ஆயிற்று என்பது என் துணிபு. முதன்மைக் கவலை, வழிநிலைக் கவலை என்றே வைக்கலாம். பழஞ்சொல்லுக்குப் புத்துயிர் கொடுத்ததாகவும் இருக்கும்.

அனுப்பியவர்: கல்லூரி ஆசிரியர்

'இரண்டு மதிப்பெண் வினா: முதன்மைக் கவலைக்கும் வழிநிலைக் கவலைக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடுக.' இதற்கு மேல் நான் வாதிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சார்ம் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வகுப்பில் நிற்கப்போவது நான். 'கவர்ச்சி குவார்க்' என்று கரும்பலகையில் எழுதினால் அடுத்த ஐந்து நிமிடம் பாடம் நடக்காது. திரைப்பட விளம்பரங்கள் அந்தச் சொல்லை அப்படி ஆக்கிவிட்டன. 'வசீகரம்' வடசொல் என்று இலக்கண ஆசிரியர் மறுப்பார். எழில், கவின், வனப்பு என்று தூயதமிழ் அன்பர்கள் அனுப்பிய பட்டியலும் உதவாது, ஏனெனில் அடுத்த தலைமுறையில் இருக்கும் குவார்க்குக்கு 'அழகு' என்றே இன்னொரு பெயர் இருக்கிறது. இருவரையும் அழகால் அழைத்தால், எந்த அழகு எதில் சிதைகிறது என்று நானே குழம்புவேன்.

பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தாலும் துணை குறைவு. 1964இல் இயற்பியலாளர்கள் பியோர்கனும் கிளாஷோவும் நான்காவது குவார்க்கை முன்மொழிந்தபோது அது தந்த சமச்சீர்மையில் மகிழ்ந்து வைத்த பெயர் அது. தீங்கு விலக்கும் தாயத்து என்ற பொருளும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உண்டு. 1970இல் கிளாஷோவும் இலியோபோலஸும் மையானியும் காட்டியது அதுவே, கோட்பாட்டில் தோன்றிச் சோதனையில் காணப்படாத சில மாற்றங்களை இந்தக் குவார்க் விலக்கிவிடுகிறது. ஈர்ப்பா, காப்பா என்று நாம் முடிவு செய்யும்முன் வெள்ளிக்கிழமை போய்விடும். 1974இல் கண்டுபிடிக்கப்பட்டு உலகம் முழுவதும் சார்ம் என்று வழங்குகிறது. குவார்க், மேசான், பையான் எல்லாவற்றையும் ஒலிபெயர்த்துவிட்டு இதில் மட்டும் கற்பைக் காப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அனுப்பியவர்: கண்டறிவான் குழுவில் பணியாற்றியவர்

கவர்முனை பற்றி: மின்னேற்றம் பெற்ற டி மேசான் ஒரு கேயான், இரண்டு பையான்கள் என மூன்றாகச் சிதைவதை நாங்கள் வழக்கமாகத் தேடுகிறோம். அது கவையாகாது. 1971இல் ஜப்பானிய இயற்பியலாளர் நியூவின் குழு, விமானத்தில் அனுப்பிய, துகள் தடம் பதியும் ஒளிப்படக் குழம்பில் சார்ம் துகளின் சிதைவை, அந்தக் குவார்க் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பதிவுசெய்தபோது, தடம் நடுவழியில் சட்டென முறிந்து திரும்பியதைத்தான் கவனித்தது. பிரிவு அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை, திருப்பம் தெரிந்தது. வடிவத்தில் பெயரைக் கட்டினால் ஒவ்வொரு சிதைவு வழிக்கும் வேறு சொல் தேட நேரும். மேலும், ஒரே சொல் துகளையும் முனையையும் குறிப்பது, அவரே சொன்ன கவர்பொருள்தான்.

மூன்றாம் சொல்லை யாரும் தொடவில்லை. உண்மையில் மாணவர் தடுக்கி விழும் இடம் அதுவே. மோதும் இரண்டு அணுக்கருக்களின் மையங்கள் எவ்வளவு விலகிக் கடக்கின்றன என்பதற்கும், ஒரு தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் அது மோதல் புள்ளியை எவ்வளவு நெருங்குகிறது என்பதற்கும் ஆங்கிலத்தில் 'இம்பாக்ட் பாராமீட்டர்' என்ற ஒரே பெயர். முன்னது ஃபெம்டோமீட்டர் கணக்கு, பின்னது மைக்ரோமீட்டர் கணக்கு. நூறு கோடி மடங்கு வேறுபாடு. கன அயனி நூலில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். அணுக்கருக்களுக்கு 'மோதல் காரணி' என்றும், தடத்துக்கு 'மீச்சிறு அணுகு தொலைவு' என்றும் பிரித்துவிட்டால் தமிழ் நூல் மூலத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

அனுப்பியவர்: இலக்கண ஆசிரியர்

கடைசி மடலை வழிமொழிகிறேன். 'மீச்சிறு' என்பதை 'மீச் சிறு' என்று இடைவெளி விட்டு அச்சிட்டுவிடாமல் பார்த்துக்கொள்க.

அனுப்பியவர்: சொற்பிறப்பு ஆர்வலர்

கவையை இப்போதைக்கு விடுகிறேன். சுட்டுக்கோணத்தை ஏற்ற குழு சுட்டெழுத்தையும் எண்ணிப் பார்க்கட்டும். மோதல் புள்ளி இவண், கண்டறிவான் அவண், அண்மையும் சேய்மையும் அல்லாத இடைப்பட்ட இடம் உவண். டி மேசான் சிதைவது மிகச் சரியாக உவண்தான். உகரச் சுட்டு சில வட்டாரப் பேச்சுகளில் இன்றும் உயிரோடு இருப்பதால் வழக்கொழிந்தது என்றும் தள்ள முடியாது. 'உவண்முனை' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அனுப்பியவர்: கல்லூரி ஆசிரியர்

சொல்லிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. என் வாக்கு சிதைமுனைக்கு.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. வந்த மடல்களில் சிதைமுனையை ஆதரித்தவர்களே கூடுதல். விலகுமுனையை முன்மொழிந்தவரும் அதை இரண்டாம் தேர்வாக ஏற்றிருந்ததால் அதையே வைக்கிறேன். விலகலை அழுத்திச் சொல்ல வேண்டிய இடங்களில் 'விலகிய சிதைமுனை' என்று வரும். பி மேசான் பத்தியில் எண்ணே இல்லாமல், 'பி சிதைமுனை', 'டி சிதைமுனை' என்று பிரித்துவிட்டேன், வாக்கியம் சுருங்கியது. மோதல் நடக்கும் இடம் 'மோதல் முனை'. சுட்டுக்கோணம், மோதல் காரணி, மீச்சிறு அணுகு தொலைவு, பிரித்தெழுதிய கன அயனி ஆகியவற்றில் மாற்றுக்கருத்து இல்லை. சார்ம், ஒற்று இரட்டித்து நின்றாலும், சார்ம் ஆகவே இருக்கும். ஆசிரியர் சொன்ன பெயர்க்கதையை நான்கு வரியில் அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. ஐந்தாம் இயலின் முதல் படத்தை வரைந்தவர் எழுத்துகளைப் படத்தோடு சேர்த்தே பொறித்து அனுப்பிவிட்டார். அதில் 'இரண்டாம் உச்சி' என்றே இருக்கிறது.

அனுப்பியவர்: இலக்கண ஆசிரியர்

படத்தை மாற்ற இயலாதெனில், படத்தின் கீழ் 'உச்சி என்பதைச் சிதைமுனை எனக் கொள்க' என ஒரு வரி சேர்க்கவும். சார்ம் குறித்த என் மறுப்பு அப்படியே நிற்கிறது. முன்னுரையில் சொல்லாக்கத்துக்கு உதவியோர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாயின், அந்த ஒரு சொல் நீங்கலாக என்று குறிப்பிட வேண்டுகிறேன்.