ஆங்கில ஷார்ட் ஃபார்ம்களை முதலில் சொல்லிக்கொடுக்கலாமா? ஞாயிறு வகுப்புக்காக ஒரு கேள்வி

சிராங்கூன்_வாத்தியார்

வணக்கம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் ஊழியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு சின்னத் தொண்டூழியக் குழுவில் இருக்கிறேன். அடுத்த வகுப்புக்கு என்ன பாடம் வைப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

முதல் சில வாரங்களுக்கு இலக்கணமே வேண்டாம் என்பது என் கருத்து. ஷார்ட் ஃபார்ம்களை ஒரு தாளில் அடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்துவிட வேண்டும். சிங்கப்பூரில் கால் வைத்த நாளிலிருந்து ஒருவர் எதிர்கொள்வது முழு வாக்கியங்களை அல்ல, எழுத்துக் கூட்டங்களைத்தான். ஊரில் இருக்கும்போதே ஐபிஏ, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், வந்துவிட்டதா என்று ஏஜெண்டிடம் கேட்கிறார். இங்கே வந்ததும் எம்ஓஎம் என்ற மனிதவள அமைச்சு, வொர்க் பர்மிட், எம்ஆர்டி ரயில். வேலைத் தளத்துக்குள் நுழைந்தால் பிபிஇ என்ற பாதுகாப்புக் கவசங்கள், பிடிடபிள்யூ என்ற வேலை அனுமதித் தாள். உடம்பு சரியில்லை என்றால் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்று, சம்பளச் சீட்டைப் பிரித்தால் கூடுதல் நேர வேலைக்கு ஓ.டி. கடந்தகால வினைச்சொல் தெரியாமல் ஒருவர் சமாளித்துவிடலாம், இவை தெரியாமல் முடியாது. குழுவில் இருவர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

துவாஸ்_தளம்

நூற்றுக்கு நூறு சரி அண்ணே. நான் தளத்தில் சூப்பர்வைசர். எஸ்டபிள்யூஎல், அதாவது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை, என்று பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் எழுதியிருக்கிறது, பக்கத்தில் 2 டி, அதாவது 2 டன், என்று இருக்கிறது. அதற்கு மேல் பாரம் ஏற்றினால் ஆள் சாவான். இதைத் தெரிந்துகொள்ள ஒருவருக்கு ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்த மூன்று எழுத்தையும் பக்கத்திலிருக்கும் எண்ணையும் பார்த்தால் போதும். பிடிடபிள்யூ என்பது வேலை தொடங்க எழுத்தில் கொடுக்கும் அனுமதி. உயரத்தில் ஏறுவது, குறுகலான தொட்டிக்குள் இறங்குவது மாதிரியான வேலைக்கு அந்தத் தாளில் கையெழுத்து இல்லாமல் இறங்கக்கூடாது. இதை வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

இரவுப்பணி_தாதி

நான் எதிர்க்கிறேன். வாத்தியார் சார் மன்னிக்கவும், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பது பயனில்லாதது மட்டுமில்லை, ஆபத்தானது.

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். ஓ.டி. என்றால் உங்கள் தாளில் கூடுதல் நேர வேலை. எங்கள் வார்டில் அது அறுவைச் சிகிச்சைக் கூடம், சில நேரம் தொழில்வழிச் சிகிச்சையாளர். தமிழில் எழுதினால் அதே ஓ.டி.தான், ஆனால் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து T இல்லாமல் D ஆக இருந்தால் மருந்துக் குறிப்பில் ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று அர்த்தம். கண் மருத்துவரிடம் அதே இரண்டு எழுத்து வலது கண். தினம் ஒரு வேளை குடிக்க வேண்டிய மருந்தை வலது கண்ணில் விட்டுவிடும் அபாயம் இருக்கிறது என்று மருந்துப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லித்தருவார்கள். இன்சுலினில் யூனிட் என்பதற்கு வெறும் யு என்று கிறுக்கினால் அது பூஜ்யம் மாதிரித் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் இதற்காகவே பயன்படுத்தக்கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது, அதில் யு இருக்கிறது. இத்தனை வருடம் படித்துவிட்டு வந்தவர்களே சுருக்கத்தால் தடுமாறும்போது, நேற்று விமானத்தை விட்டு இறங்கிய ஒருவருக்கு ஒரு தாளைக் கொடுத்து இதற்கு இதுதான் அர்த்தம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

துவாஸ்_தளம்

அக்கா, அது எழுதுகிறவர்களுக்கான பாடம். படிக்கிறவன் என்ன செய்வான்? பலகையில் எழுதியிருப்பதை அவன் மாற்ற முடியாது.

இரவுப்பணி_தாதி

எழுதுகிறவர்களை மாற்றச் சொல்லலாம் தம்பி. ஊழியருக்கு அனுப்பும் ஐபிஏ கடிதத்தையே அவருடைய தாய்மொழியில் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். மருந்துப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று முழு வார்த்தையில்தான் அச்சடிக்கிறார்கள். செய்ய முடியாத வேலை இல்லை இது. நாம் எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டே இருந்தால், அறிவிப்பு எழுதுகிறவர் தன் வேலையைப் பாதியில் விட்டது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பொங்கோல்_அம்மா

எனக்குத் தாதி அக்கா சொல்வதுதான் சரி என்று படுகிறது. தளத்தை விடுங்கள், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தைப் பாருங்கள். டபிள்யூஏ, சிசிஏ, எம்டிஎல், டிஎஸ்ஏ, பிஎஸ்எல்இ, ஒரே பக்கத்தில் இத்தனையும். நான் திருச்சியில் எம்ஏ படித்தவள், எனக்கே முதல் வருடம் தலை சுற்றியது. டபிள்யூஏ என்றதும் வாட்ஸ்அப் குழுவைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிற பெற்றோரை இப்போதும் பார்க்கிறேன், பள்ளியில் அது மதிப்பெண் சேரும் இடைத்தேர்வு.

ஒரு விஷயம் சொல்கிறேன். ஏ.எல். என்பதன் விரிவு அச்சீவ்மென்ட் லெவல், இது தாளில் வந்துவிடும். ஆனால் 2021இலிருந்து பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை நிலை கொடுத்து, நான்கு பாடத்தையும் கூட்டி 4 முதல் 32 வரை மொத்தம் போடுகிறார்கள், அதில் குறைந்த எண்தான் நல்ல எண். நம் ஊரில் படித்தவர்களுக்கு இது தலைகீழ். விரிவை மனப்பாடம் செய்த அப்பா ஒருவர் பிள்ளைக்கு 6 வந்ததும் 5 வாங்கிய பிள்ளையைவிட மேல் என்றே நினைப்பார். எழுத்தைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன், முறையைச் சொல்லிக்கொடுக்காமல்?

சிராங்கூன்_வாத்தியார்

அம்மா, நீங்கள் சொல்வது எனக்குச் சாதகமான உதாரணம் என்றே நினைக்கிறேன். ஏ.எல். என்ற எழுத்தே தெரியாதவர் எந்த முறையைப் பற்றிக் கேள்வி கேட்பார்? பெயர் தெரிந்தால்தான் அதைப் பற்றி விசாரிக்கவே முடியும். ஆசிரியரிடம் போய் டபிள்யூஏ என்றைக்கு என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. பெயர் தெரியாதவர் அந்தத் தேர்வு, இந்தத் தேர்வு என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பெயரைக் கொடுப்பது முதல் படி, அது போதும் என்று நான் சொல்லவில்லை.

சம்பளப்பிரிவு

நான் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எல்லாரும் பெரிய எழுத்துச் சுருக்கங்களையே பேசுகிறீர்கள். ஆளைக் கவிழ்ப்பவை சின்ன எழுத்தில் நடுவில் ஒளிந்திருப்பவை. ஐ.இ., இ.ஜி. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. முதலாவது அதாவது, இரண்டாவது எடுத்துக்காட்டாக. வேலை ஒப்பந்தத்தில் படிகள் என்று போட்டு, பக்கத்தில் ஐ.இ. சாப்பாடு, போக்குவரத்து என்று இருந்தால் அந்த இரண்டுதான், வேறு எதுவும் கிடையாது என்று படிப்பார்கள். இ.ஜி. என்று இருந்தால் அவை உதாரணம் மட்டும், மற்றவையும் வரலாம். பணம் இந்த இரண்டு எழுத்தில் நிற்கிறது, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களே இரண்டையும் மாற்றிப் போடுகிறார்கள்.

அப்புறம் மின். என்று வெட்டி எழுதுவது. அது நிமிடமா, குறைந்தபட்சமா? மின். 2 என்று பலகையில் இருந்தால் இரண்டு பேருக்குக் குறையாமல் தூக்க வேண்டும் என்றிருக்கலாம், இரண்டு நிமிடம் காத்திரு என்றிருக்கலாம். சுற்றியிருக்கும் வாக்கியத்தைப் பார்க்காமல் முடிவு செய்யவே முடியாது. இதற்கு வாத்தியாரின் தாள் உதவாது, வாக்கியம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் நான் தாதி பக்கம்.

துவாஸ்_தளம்

வாக்கியம் படிக்கத் தெரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆகும் சார்? அதுவரை அவன் தளத்துக்குப் போகாமல் இருப்பானா? நாளை காலையே போகிறான்!

இன்னொன்று. விரிவு, விரிவு என்கிறீர்கள். சிம் கார்டின் விரிவு சப்ஸ்கிரைபர் ஐடென்டிட்டி மாட்யூல். அது தெரிந்தா ஊருக்குப் போன் பேசுகிறோம்? லேசர் என்ற சொல்லே ஐந்து வார்த்தைகளின் முதலெழுத்துகள், தளத்தில் மட்டம் பார்க்க தினமும் லேசர் பிடிக்கிறவர்களில் அதைத் தெரிந்தவர் யார்? கண்ணை நேராக வைக்கக்கூடாது என்று தெரிந்தால் போதும். விரிவு வேண்டாம், பட்டியலும் நீளமாக வேண்டாம், பார்த்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

இரவுப்பணி_தாதி

இங்கேதான் நாம் பிரிகிறோம். சிம்முக்கு விரிவு தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஓடிபிக்குத் தேவை.

போனுக்கு வருகிற ஆறு இலக்க எண் என்று மட்டும் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், எம்ஓஎம்மிலிருந்து பேசுகிறேன், உங்கள் பர்மிட்டில் சிக்கல், இப்போது ஒரு எண் வரும் சொல்லுங்கள் என்று ஒருவன் மிரட்டும்போது சொல்லிவிடுவார். எண்தானே என்று தோன்றும். அதன் கடைசி எழுத்து பாஸ்வேர்டைக் குறிக்கிறது, ஒரே ஒரு தடவை செல்லும் கடவுச்சொல் என்று தெரிந்தவர் ஒரு நொடியாவது தயங்குவார், ஏனென்றால் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். மோசடிக்காரன் எம்ஓஎம், ஐசிஏ (குடிநுழைவு ஆணையம்) என்று எழுத்துகளை அடுக்கிப் பேசுவதே அந்த எழுத்துகளுக்கு நம் ஆட்கள் பயப்படுவதால்தான். இது எனக்குக் கோபம் வரும் விஷயம். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே போடுங்கள்.

துவாஸ்_தளம்

ஓடிபி விஷயத்தில் மறுப்பில்லை அக்கா. ஆனால் உங்கள் உதாரணமே, விரிவு எப்போது நடத்தையை மாற்றுகிறதோ அப்போதுதான் தேவை என்று காட்டுகிறது. ஏஇடி எடுத்துக்கொள்ளுங்கள். பல வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குகளின் கீழே லிஃப்ட் பக்கத்தில் பெட்டியில் மாட்டியிருக்கிறார்கள். அதன் விரிவை நான் சொல்லிமுடிப்பதற்குள் கீழே விழுந்தவருக்கு நேரம் போய்விடும். இதயம் நின்றுபோனால் எடுக்க வேண்டிய கருவி, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிட்டுப் பெட்டியைத் திற, கருவியே பேசி வழி சொல்லும். இவ்வளவுதான் வேண்டும்.

புதுசு_மூனுமாசம்

நான் பொதுவாக இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. நான்தான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புது ஊழியர், குறுக்குத்தீவு எம்ஆர்டி பாதை வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு டிபிஎம் என்றால் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங். சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரத்துக்கும் டிபிஎம் என்றே பெயர். டிபிஎம் பக்கம் போ என்று போர்மேன் சொன்னால் மீட்டிங் நடக்கும் இடமா, இயந்திரமா என்று ஆளையும் நேரத்தையும் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு யாராவது ஒருவர் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அர்த்தம் இல்லை. இதை எழுத்து எழுத்தாகச் சொல்வதா, சொல்லாகச் சொல்வதா என்பதுதான். சிம் என்று சேர்த்துச் சொல்கிறோம். டிஓபி என்று கட்டடம் குடியேறத் தயார் என்பதற்குத் தரும் தற்காலிக அனுமதியை டாப் என்று வாசித்தால் யாருக்கும் புரிவதில்லை. பியுபி என்று தண்ணீர் ஆணையத்தின் பலகையைப் பார்த்து பப் என்று வாசித்த நண்பனைக் கேலி செய்தார்கள், அதற்குப் பிறகு அவன் சத்தமாக எதையும் வாசிப்பதே இல்லை. தெரியாது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இங்கே எல்லாரும் அவ்வளவு வேகமாகச் சொல்கிறார்கள். வாட் இஸ் தட் என்று கேட்கும் தைரியத்தை வகுப்பில் கொடுத்தால் தாள் இல்லாமலும் பிழைத்துக்கொள்வோம்.

பொங்கோல்_அம்மா

தம்பி, எழுதியதற்கு நன்றி. நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

சிராங்கூன்_வாத்தியார்

தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. ஆனால் தைரியத்தை வெறுங்கையோடு கொடுக்க முடியாது, நாலு விஷயம் தெரிந்தவனுக்குத்தான் ஐந்தாவதைக் கேட்கத் துணிவு வரும். அதனால் தாள் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அகரவரிசையில் போடுவதை மட்டும் விட்டுவிடுகிறேன், இடவாரியாகப் போடுகிறேன். தளம் ஒரு பக்கம், சம்பளச் சீட்டு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் எப்படி வாசிப்பது, பார்த்ததும் என்ன செய்வது என்று இரண்டு வரி. விரிவு தேவைப்படும் இடத்தில் மட்டும் விரிவு. உண்மையான அறிவிப்புப் பலகைகளை வைத்தே நடத்தலாம், உங்கள் தளத்துப் பலகைகளைப் படமெடுக்க அனுமதி இருந்தால் அனுப்புங்கள், நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டாம்.

சம்பளப்பிரிவு

சம்பளச் சீட்டுப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். 2016 ஏப்ரலிலிருந்து ஓ.டி. நேரமும் அதற்கான பணமும் சீட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது சட்டம், அடிப்படை மணிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. ஓ.டி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அவரே பெருக்கிப் பார்க்கும்படி ஒரு கணக்கும் போட்டுவிடுகிறேன். வாக்கியங்களை மூன்றாவது வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரவுப்பணி_தாதி

போன் பக்கத்துக்கு நான் வருகிறேன். மருந்துச் சுருக்கம் ஒன்றுகூட அந்தத் தாளில் இருக்கக்கூடாது. மருந்து புரியவில்லை என்றால் மருந்தகத்தில் கேள் என்று ஒரே ஒரு வரி, அதையும் முழு வார்த்தையில். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் வரவில்லை. நிறுவனங்களின் பலகைகளை முழு வார்த்தையில் எழுதச் சொல்லிக் கேட்பதையும் நான் விடப் போவதில்லை சார், உங்கள் தாள் அதற்கு மாற்று கிடையாது.

துவாஸ்_தளம்

படம் அனுப்ப அனுமதி கேட்கிறேன். வகுப்பு எத்தனை மணிக்கு அண்ணே? ஞாயிறு காலையில் எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு ஓ.டி. இருக்கும், இரண்டு மணிக்கு மேல் வைத்தால்தான் துவாஸிலிருந்து வந்து சேர முடியும்.