யூரியா மூட்டையும் காது குத்தும்

குழு: நீடாமங்கலம் வீடு

வியாழன்

ராஜம் அத்தை, 8:12: பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மாசி இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் காது குத்து. யாரும் சாக்கு சொல்லக் கூடாது.

கயல், 8:15: அத்தை, அந்த ஞாயிறுதான் எங்கள் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமின் கடைசி நாள். திங்கட்கிழமையே கிராமத்துக்குப் போய்விடுவோம். ஏழு நாளும் அங்கேதான் தங்கல்.

ராஜம் அத்தை, 8:16: குழந்தைக்கு அத்தைக்காரி நீ ஒருத்திதான். அத்தை இல்லாமல் காது குத்தா? நன்றாயிருக்கிறது!

அம்மா, 8:18: எனக்கே இப்போதுதான் தெரியும் அண்ணி.

கயல், 8:18: அம்மா! போன வாரமே சொன்னேன். நீதான் பந்தல்காரரோடு பேசிக்கொண்டே எனக்கு "ம்ம்" கொட்டினாய்.

துபாய் சித்தப்பா, 8:20: [படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

செந்தில் அண்ணன், 8:20: சித்தப்பா, இங்கே மணி இரவு எட்டரை ஆகப் போகிறது.

துபாய் சித்தப்பா, 8:22: காலையில் அனுப்பியது, இப்போதுதான் போயிருக்கிறது. சரி, என்ன சண்டை?

ராஜம் அத்தை, 8:24: விவசாயம் படிக்க மதுரைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு நாள் தமிழ் மன்றம் என்கிறாள், ஒரு நாள் வினாடி வினா என்கிறாள், பொங்கலுக்கு வீட்டுக்கு வரும் முன்னால் கல்லூரியில் ஒரு பொங்கல். இப்போது முகாம். பாடம் எப்போது நடக்கிறது?

கயல், 8:26: பாடம் காலை ஏழு மணிக்கே வயலில் ஆரம்பித்துவிடும் அத்தை. போன பருவத்தில் நாற்றுப் பறித்து நட்டது, களை எடுத்தது, அறுத்தது எல்லாம் நாங்களேதான். வெயில் ஏறுவதற்குள் முழங்கால் வரைக்கும் சேறு.

அம்மா, 8:27: அந்தச் சேற்றுச் சுடிதாரை எனக்குத்தான் துவைக்கக் கொண்டுவந்தாள்.

தேனு அக்கா, 8:35: அத்தை, முகாமுக்குப் போகாமல் இருக்க முடியாது. என்.எஸ்.எஸ். இல்லையென்றால் என்.சி.சி., இரண்டில் ஒன்றில் பெயர் கொடுத்தாக வேண்டும். மதிப்பெண் கிடையாது, ஆனால் முடிக்காமல் பட்டமும் கிடையாது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். நூறு பேர் கொண்ட ஒரு பிரிவில் முகாமுக்கு ஐம்பது பேரைத்தான் எடுப்பார்கள். இவள் பெயர் வந்திருக்கிறது, விட்டால் அடுத்த வருடம் வருமா என்று சொல்ல முடியாது.

ராஜம் அத்தை, 8:37: நீயும் அதே கல்லூரிதானே, நீ அவள் பக்கம்தான் பேசுவாய்.

அம்மா, 8:41: என் கவலை வேறு தேனு. பெண்பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? கழிப்பறை இருக்குமா? இவள் ஓஜிபிஏ (எல்லாப் பருவத்துக்குமான மதிப்பெண் சராசரி) ஏற்கெனவே போன பருவத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது.

தேனு அக்கா, 8:46: பெண்களுக்குத் தனி இடம்தான் சித்தி. பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக்கூடம். பேராசிரியை ஒருவர் கூடவே தங்குவார். கழிப்பறை சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். பாய், போர்வை, டார்ச், கொசு வலை கொடுத்து அனுப்புங்கள். வெள்ளைத் துணி வேண்டவே வேண்டாம்.

கயல், 8:48: ஓஜிபிஏ இறங்கியது மன்றத்தால் இல்லை அம்மா. பூச்சியியல் செய்முறைத் தேர்வால். பெட்டியில் குத்தி வைத்த பூச்சிகளில் பாதியை விடுதி எறும்பு தின்றுவிட்டது. அந்துருண்டை போட்டிருந்தேன், கரைந்துபோனதைப் பார்க்கவில்லை.

செந்தில் அண்ணன், 8:49: பூச்சிக்குப் பூச்சியே எமன்.

துபாய் சித்தப்பா, 8:52: என்.சி.சி. எடுத்திருக்கலாமே கயல்? "சி" சான்றிதழ் இருந்தால் சீருடை வேலைக்குப் போகும்போது உதவும்.

கயல், 8:54: அணிவகுப்பு எனக்கு ஒத்துவராது சித்தப்பா. எனக்குப் பேச வேண்டும்.

அம்மா, 8:54: அது எங்களுக்குத் தெரியும்.

வெள்ளி

தாத்தா, 6:05: [குரல் பதிவு 1:20]

செந்தில் அண்ணன், 6:30: தாத்தா சொல்வதை எழுதுகிறேன். "காது குத்து இருக்கட்டும். முகாமில் இந்தப் பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா? படம் பிடித்துவிட்டுக் கிளம்புவதற்கு ஏழு நாள் எதற்கு?"

கயல், 6:44: காலையில் ஊருணியைச் சுற்றியுள்ள சீமைக்கருவேலத்தை வெட்டி, வேரோடு தோண்டி எடுக்க வேண்டும் தாத்தா. அதற்கு ஊரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். மதியம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பு. ஒரு நாள் கால்நடை மருத்துவ முகாம், ஒரு நாள் கண் பரிசோதனை. மாலையில் வீதி நாடகம்.

தேனு அக்கா, 6:58: தாத்தா கேட்டது நியாயமான கேள்விதான். படம் பிடித்துவிட்டுக் கிளம்பும் முகாமும் உண்டு. ஒரே மரக்கன்றை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆனால் ஒரு வாரம் அதே ஊரில் சாப்பிட்டுத் தூங்கினால் ஊர்க்காரர்கள் மூன்றாம் நாள் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ராஜம் அத்தை, 7:02: என்ன விஷயம்?

தேனு அக்கா, 7:15: கடைசி வருடம் ராவே (கிராமத்தில் தங்கி விவசாய வேலை பழகும் பயிற்சி) என்று கிராமத்தில் தங்கினேனே, நினைவிருக்கிறதா அத்தை? அதில் ஊர் வரைபடம் போட வேண்டும். கோயில் முன்னால் தரையைக் கூட்டி, கோலப்பொடியால் வீதி, கண்மாய், வயல், கிணறு எல்லாம் வரைய வேண்டும். நாங்கள் அழகாக வரைந்துவிட்டோம். கண்மாய்க்கு நீலம், வயலுக்குப் பச்சை. ஒரு பாட்டி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நீலப் பொடியைக் காலாலேயே அழித்துவிட்டார்!

பிரியா அண்ணி, 7:16: ஐயோ.

தேனு அக்கா, 7:21: "கண்மாய் வட்டமாகவா இருக்கிறது?" என்று திட்டினார். உட்கார்ந்து அவரே வரைந்தார். மடை மூன்று. எந்த மடைத் தண்ணீர் யார் வயலுக்குப் போகும், எந்த மடை தூர்ந்து எத்தனை வருடம் ஆயிற்று, கடைமடைக்காரர்கள் ஏன் நெல்லை விட்டுவிட்டுப் பருத்திக்குப் போனார்கள், எல்லாம் அந்தப் பொடியில் வந்துவிட்டது. சுற்றி நின்ற ஆண்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை. நாங்கள் நோட்டில் எழுதியே கை வலித்தது. எங்கள் படத்தில் மடையே இல்லை என்பதை எங்கள் ஆசிரியர்கூடக் கவனிக்கவில்லை.

தாத்தா, 7:40: [குரல் பதிவு 0:12]

செந்தில் அண்ணன், 7:41: தாத்தா சிரிக்கிறார். "அந்தக் கிழவிக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்" என்கிறார்.

தேனு அக்கா, 7:44: இன்றைக்கு வங்கியில் பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் நிலம் எவ்வளவு என்பதோடு, தலைமடையா கடைமடையா என்றும் கேட்கிறேன். வேளாண் அலுவலர் தேர்வுக்குப் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

துபாய் சித்தப்பா, 8:30: நாடகத்தில் கயலுக்கு என்ன வேடம்? கதாநாயகியா?

கயல், 8:33: யூரியா மூட்டை.

செந்தில் அண்ணன், 8:33: என்னது?

கயல், 8:37: மண் பரிசோதனை பற்றிய நாடகம். விவசாயி ஒருவர் பக்கத்து வயலைப் பார்த்து யூரியாவைக் கொட்டிக்கொண்டே இருப்பார். நான் மூட்டை. ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒரு மூட்டை போடு" என்று அவர் தோளில் ஏறுவேன். கடைசியில் மண் வந்து என்னைக் கீழே தள்ளும். வசனம் எங்கள் தமிழ் மன்றத்தில் எழுதியது. மண் வேடம் போடுகிறவன் தேனிக்காரன், பேச்சில் பிய்த்துவிடுவான்.

தாத்தா, 8:50: [குரல் பதிவு 0:25]

செந்தில் அண்ணன், 8:52: "மூட்டை இப்போது 45 கிலோதான். 50 என்று வசனம் பேசினால் ஊரில் சிரிப்பார்கள்" என்கிறார்.

கயல், 8:53: ஐயோ, 50 என்றுதான் எழுதியிருக்கிறோம்! இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன். நன்றி தாத்தா.

ராஜம் அத்தை, 9:10: மூட்டை வேடம் போட ஆளா கிடைக்காது? வேறு யாரையாவது போடச் சொல்லிவிட்டு சனிக்கிழமை இரவு பஸ் ஏறு.

கயல், 9:14: கேட்டுப் பார்த்தேன் அத்தை. நிறைவு விழாவில் கையெழுத்துப் போட்டால்தான் ஏழு நாள் கணக்கு. திட்ட அலுவலர் நல்லவர்தான், ஆனால் போன முகாமில் இப்படித்தான் எட்டுப் பேருக்குச் சொந்தத்தில் கல்யாணம் வந்ததாம்.

ஞாயிறு

தாத்தா, 7:20: [படம்: உளுந்துச் செடி] [குரல் பதிவு 0:50]

அப்பா, 7:35: செந்தில் தூங்குகிறான், நான் எழுதுகிறேன். நெல் தரிசில் தெளித்த உளுந்து பூ எடுத்துவிட்டது. அங்கங்கே சில செடி மட்டும் இப்படி மஞ்சள் அடிக்கிறது. உரம் போதவில்லையா என்று கேட்கிறார்.

கயல், 7:50: இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கிறதே தாத்தா, இது மஞ்சள் தேமல் மாதிரிதான் தெரிகிறது. உரத்தால் சரியாகாது, வைரஸ். வெள்ளை ஈ பரப்பும். சில செடிதான் என்றால் இன்றைக்கே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். தகரத்தில் மஞ்சள் வண்ணம் பூசி விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு நாலைந்து இடத்தில் செடி உயரத்துக்கு நட்டு வைத்தால் ஈ வந்து ஒட்டும்.

அப்பா, 7:58: விதை ஆடுதுறை 3. எப்போதும் போடுவதுதான்.

கயல், 8:03: அடுத்த தடவை வம்பன் 8 கொஞ்சம் இடத்தில் போட்டுப் பார்க்கலாம் அப்பா. புதுக்கோட்டைப் பக்கம் வம்பனில் உள்ள ஆராய்ச்சி மையத்து ரகம், மஞ்சள் தேமலைத் தாங்கும். பூ வந்துவிட்டதே, டிஏபி உரக் கரைசல் அடித்தாயிற்றா?

தாத்தா, 8:20: [குரல் பதிவு 0:30]

அப்பா, 8:22: போன வருடம் அடித்தாராம். தெளிப்பான் மூக்கு அடைத்து அடைத்து ஆளே ஓடிவிட்டானாம்.

கயல், 8:29: அடியில் தங்கும் மண்டியையும் சேர்த்து ஊற்றியிருப்பார்கள். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி. முதல் நாள் சாயங்காலம் 10 லிட்டர் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி வெயில் தாழ அடிக்க வேண்டும். இப்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை.

துபாய் சித்தப்பா, 8:31: அட, மூட்டை நன்றாகப் பேசுகிறதே.

தாத்தா, 8:45: [குரல் பதிவு 0:40]

அப்பா, 8:48: "அந்த மண் பரிசோதனையை ஊருக்கெல்லாம் சொல்கிறாளே, நம் வயல் மண்ணை எப்போது எடுப்பாள்?" என்று கேட்கிறார்.

கயல், 8:56: உளுந்து எடுத்த பிறகு, குறுவைக்கு உரம் போடும் முன்னால் தாத்தா. நான் வந்து எடுக்கிறேன். அதுவரை அந்த மூலையில் எருவைக் கொட்டி வைக்காதீர்கள். எருக்குழி ஓரம், வரப்பு ஓரம், மர நிழல், மூன்றும் ஆகாது. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு "வி" மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரை கிலோ நிற்கும். பழைய உரச் சாக்கில் மட்டும் கட்டக் கூடாது. நாடகத்தில் அதற்கே ஒரு காட்சி இருக்கிறது.

தாத்தா, 9:05: [குரல் பதிவு 0:18]

அப்பா, 9:07: "போய்விட்டு வரட்டும் ராஜம்" என்கிறார்.

ராஜம் அத்தை, 9:15: அப்பாவே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? அவளுக்கு வாங்கிய புடவையை எடுத்து வைக்கிறேன். ஆனால் சீர்த்தட்டு அவள் பெயரில்தான் வரும், எடுத்துக்கொண்டு நடக்க ஒரு ஆள் வேண்டும்.

தேனு அக்கா, 9:18: நான் நடக்கிறேன் அத்தை.

அம்மா, 9:20: கயல், டார்ச் வாங்கிவிட்டாயா? கொசு வலையை உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாத்திரை டப்பாவையும் வைக்கிறேன். தினமும் இரவு ஒரு செய்தியாவது போடு.

பிரியா அண்ணி, 9:26: பாப்பாவுக்குக் காது குத்தும்போது வீடியோ கால் போடுகிறேன் கயல். ஒன்பதரை மணிக்கு எடுத்துவிடு.

கயல், 9:28: ஒன்பது மணிக்கு ஊர் மந்தையில் கடைசி நாடகம் அண்ணி. ஒன்பதரைக்கு நான் யாராவது ஒருவர் தோளில் இருப்பேன்.

செந்தில் அண்ணன், 9:29: வேடத்தோடேயே எடு. சாக்குக்குள் சிக்னல் வருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்.

ராஜம் அத்தை, 9:31: நாடகத்தையும் யாரையாவது முழுசாகப் பிடிக்கச் சொல். பாதி பாதியாக அனுப்பினால் நான் பார்க்க மாட்டேன்.