புதுப்பிப்பு: மனித உரிமைப் பாடத்தைச் செய்தியாக எழுத வைப்பது (வேலூர், 9-ஆம் வகுப்பு)

மனித உரிமை பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் மேடைப்பேச்சு நடையிலேயே எழுதுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, உள்ளூர் வழக்கு ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்ன யோசனை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூய காற்றும் நீரும் மனிதரின் உரிமை என்றது. கிணற்று நீர் உப்பாகிப்போன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு எழுத்து. ஒரே கேள்வி: "எங்கள் தெருக்குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது?" பாதிக்கப்பட்டவர் இருவர், பொறுப்பான அலுவலர் ஒருவர் என மூவரிடம் பேட்டி; செய்தி மொத்தம் 150 சொல். யார், என்ன, எங்கே, எப்போது, நான்கும் முதல் பத்தியிலேயே. 'வேண்டும்' என்று முடியும் வாக்கியத்துக்குத் தடை. நடையை மாற்றியது உண்மையில் இந்தத் தடைதான்.

எதிர்பாராதது: பீடி சுற்றும் சிறுமியின் பெயரையும் தெருவையும் ஒரு குழு எழுதிவிட்டது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு இப்படி அடையாளம் வெளியிடுவதைத் தடுக்கிறது. பெயர், பள்ளி, முகவரி, படம் எல்லாவற்றையும் நீக்கிய பிறகே சுவரிதழில் ஒட்டினோம். பேட்டிக்கு அனுப்புமுன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.