பிளஸ் ஒன் மாணவிக்கு எங்கள் டிரஸ்டில் சைபர் செக்யூரிட்டி இன்டர்ன்ஷிப்: என்ன வேலை கொடுக்கலாம்?

டிரஸ்ட்_ஆபீஸ் கேட்டது:

வணக்கம். கிராமப்புறப் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. சம்பளத்துக்கு 5 பேர், தன்னார்வலர்கள் 30 பேர் போல. ஐடிக்கு என்று தனி ஆள் கிடையாது. பிளஸ் ஒன் முடித்த கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி ஒருவர் மே மாதம் 4 வாரம், நாளுக்கு 3 மணி நேரம் வருகிறேன் என்கிறார். பைத்தான் நன்றாகவே வருகிறது, லினக்ஸ் பழக்கம் உண்டு.

எங்களிடம் இருப்பது: கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (நான்-பிராஃபிட் இலவசத் திட்டம்) 9 கணக்கு, ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு வேர்ட்பிரஸ் தளம், டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) ஓடும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் ஒன்று, லேப்டாப் இரண்டு, நன்கொடைக்கு யுபிஐ க்யூஆர், நன்கொடையாளர்களின் பான் எண்ணோடு ஒரு எக்செல், எல்லோரும் பேசும் ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

காளி லினக்ஸ் (பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் அடங்கிய லினக்ஸ்) போட்டு எங்கள் வெப்சைட்டை ஸ்கேன் பண்ணிப் பார்க்கவா என்று அவர் கேட்கிறார். சரி சொல்லலாமா? இல்லை என்றால் வேறு என்ன கொடுப்பது?

போர்ட்443:

ஸ்கேன் வேண்டாம். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் அந்த சர்வர் உங்களுடையது இல்லை. அதே ஐபியில் (இணைய முகவரி எண்ணில்) ஊர்ப்பட்ட தளங்கள் உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் ஓட்டினால் முதலில் நடப்பது, ஹோஸ்டிங் ஃபயர்வால் உங்கள் ஆபீஸ் ஐபியைத் தடுத்துவிடும். பிறகு உங்கள் தளம் உங்களுக்கே திறக்காது. வேர்ட்பிரஸ் டாஷ்போர்டுக்குள் போய் டூல்ஸ், சைட் ஹெல்த் பார்த்தாலே பிஎச்பி பதிப்பு, பழைய பிளகின் எல்லாம் தெரிந்துவிடும்.

மொத்தம் 60 மணி நேரம் இருக்கிறது. அதில் பாதியை கூகுள் கணக்குகளுக்கே கொடுங்கள். உங்கள் சைஸ் அமைப்புகளில் கதவு உடைவது பெரும்பாலும் மெயில் பாஸ்வேர்டு வழியாகத்தான்.

முதல் வேலை டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு. அட்மின் கன்சோலில் உடனே 'கட்டாயம்' என்று போட்டுவிடாதீர்கள். இன்னும் பதியாதவர்கள் அடுத்த லாகினில் வெளியே நிற்பார்கள், திங்கள் காலை ஆபீஸே ஸ்தம்பிக்கும். முதலில் 'அனுமதி' மட்டும். பிறகு மாணவி ஒவ்வொருவர் பக்கத்திலும் 15 நிமிடம் உட்கார்ந்து ஆத்தென்டிகேட்டர் ஆப் (போனிலேயே கோடு உருவாக்குவது) அல்லது பாஸ்கீ (போன் பூட்டைத் திறப்பதுபோல் விரல்ரேகை, பின் கொண்டு நுழைவது) பதியச் செய்யட்டும். எஸ்எம்எஸ் ஓடிபி கடைசி வழி. டூப்ளிகேட் சிம் எடுத்தவனுக்கு அது போய்ச் சேரும். பேக்கப் கோடு (போன் கையில் இல்லாதபோது போட) ஒருவருக்கு 10 வரும், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும். பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி பீரோவில் வையுங்கள். ஒன்பது பேரும் பதிந்துவிட்டார்கள் என்று ரிப்போர்ட்டில் பார்த்த பிறகே கட்டாயமாக்குங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் வழக்கமாக முட்டும். ஒன்று, மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் திறக்கும் பொது மெயில்பெட்டி. ஓடிபி ஒருவர் போனுக்குத்தான் போகும், அவர் லீவு என்றால் கதை முடிந்தது. அந்தப் பெட்டியை ஒருவர் பெயரில் வைத்து, மற்ற இருவருக்கும் ஜிமெயில் டெலிகேஷன் (தங்கள் கணக்கிலிருந்தே அந்தப் பெட்டியைத் திறக்கும் அனுமதி) கொடுங்கள். ஒர்க்ஸ்பேஸில் அது ஆரம்பத்தில் ஆஃப் ஆக இருக்கும், அட்மின்தான் திறக்க வேண்டும். இரண்டாவது, ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின். அதற்கு டூ-ஸ்டெப் தெரியாது. அந்தக் கணக்குக்கு ஆப் பாஸ்வேர்டு (அந்த மெஷினுக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்டு) எடுத்துப் போட வேண்டும்.

அது முடிந்ததும் 9 பெட்டியிலும் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்தவன் 'இன்வாய்ஸ்', 'பேங்க்' என்று வரும் மெயில்களைத் தனக்கு அனுப்பும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டு மாற்றினாலும் அது அப்படியே ஓடும்.

சூப்பர் அட்மின் (எல்லாக் கணக்கையும் மாற்றும் உரிமை உள்ளவர்) இருவர் இருக்கட்டும், மாணவி அதில் ஒருவர் அல்ல. அவர் திரையைப் பார்த்து சொல்லட்டும், கிளிக் பண்ணுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

சட்டப்புள்ளி:

மேலே சொன்ன கடைசி வரி சட்டப்படியும் முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43: உரிமையாளர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரில் நுழைந்தாலே நஷ்டஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வாய்மொழியா சொன்னாங்க' என்பது மாணவியைக் காப்பாற்றாது. நிர்வாக அறங்காவலர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தெந்தக் கணக்கு, எந்தெந்தக் கருவி, எந்தத் தேதி முதல் எது வரை, எதைத் தொடக்கூடாது.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் மாணவியிடம் மட்டும் கையெழுத்து வாங்கிப் பயனில்லை. 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பெற்றோரும் கையெழுத்திட்டால் தெரிந்துதான் அனுப்பினார்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். ஆனால் உண்மையான பாதுகாப்பு, டேட்டாவைக் காட்டாமல் இருப்பதுதான். 80ஜி (நன்கொடை வரிச்சலுகை) ரசீதுக்கும், வருமான வரித் துறைக்கு நன்கொடை விவரம் தரும் படிவம் 10பிடிக்கும் திரட்டிய பெயர், முகவரி, பான் எல்லாம் அந்த எக்செலில் இருக்கும். பீரோ பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் உள்ளே இருக்கும் நகையை எண்ணத் தேவையில்லை. ஃபைல் எங்கே இருக்கிறது, யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது, 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்து கிடக்கிறதா, இவ்வளவு தெரிந்தால் போதும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிரஸ்டுக்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அதிகபட்சத் தண்டத் தொகை 250 கோடி என்று அதில் இருக்கிறது.

அதே கூகுள் ஷீட் ஒரு தன்னார்வலரின் சொந்த ஜிமெயிலில் உருவாக்கப்பட்டிருந்தால் உங்கள் அட்மினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் பேசி, டிரஸ்ட் கணக்கில் ஒரு காப்பி எடுத்து, பழையதை அழிக்கச் சொல்ல வேண்டும்.

வால்பாறை_வைஃபை:

போர்ட்443 சொன்ன வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. டூ-ஸ்டெப்புக்கு முன்னால் டொமைன் (உங்கள் தளமும் மெயிலும் ஓடும் இணையப் பெயர்). சூப்பர் அட்மின் கணக்கு பூட்டிக்கொண்டால், டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்க டிஎன்எஸ்ஸில் (அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் பட்டியலில்) ஒரு பதிவு சேர்க்கச் சொல்லும் கூகுள். டொமைன் லாகின் கையில் இல்லாமல் டூ-ஸ்டெப் கட்டாயமாக்குவது, மாற்றுச்சாவி எங்கே என்று தெரியாமல் கதவைச் சாத்துவது மாதிரி.

டொமைன் யார் கணக்கில் இருக்கிறது, எப்போது காலாவதி, ரெனியூவல் மெயில் யாருக்குப் போகிறது? முதல் நாளே இந்த மூன்றையும் மாணவி எழுதித் தரட்டும்.

டிரஸ்ட்_ஆபீஸ்:

விசாரித்தோம். எங்கள் டொமைன் டாட் ஆர்க் வகை. சைட் செய்து கொடுத்த டிசைனரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. ரெனியூவல் மெயில் இப்போது எங்களோடு இல்லாத ஒரு தன்னார்வலருக்குப் போகிறது. டிசைனர் நல்லவர்தான், போன் எடுக்க நாளாகிறது, அவ்வளவே.

வால்பாறை_வைஃபை:

நல்லவராக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். டிரஸ்ட் பெயரில் அதே ரெஜிஸ்ட்ராரில் (டொமைன் விற்கும் நிறுவனத்தில்) ஒரு கணக்கு தொடங்கி, அவர் கணக்கிலிருந்து இதற்கு நகர்த்தச் சொல்வது சுலபம்; பெரும்பாலும் அன்றைக்கே முடியும். வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதென்றால் ஆத் கோடு (மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) வாங்க வேண்டும். உரிமையாளர் பெயரை மாற்றினால் 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டும் விழலாம். அதனால் நகர்த்தல் முதலில், மற்றது பிறகு. தொடர்பு மெயிலாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் போனால் அந்த மெயிலும் போய்விடும், எச்சரிக்கை வந்து சேர வழியிருக்காது.

தொடுவதற்கு முன் டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஷீட்டில் பதிய வேண்டும். இது மாணவிக்கு அருமையான வேலை. நேம்சர்வரை (டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சர்வரை) மாற்றிவிட்டு எம்எக்ஸ் பதிவை (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வதை) எடுத்து வைக்க மறந்தால் உள்ளே வரும் மெயில் எல்லாம் நின்றுவிடும். வெப்சைட் திறக்கிறதே என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்புறம் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலில் விழும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற விதி). உங்கள் பெயரில் போலி மெயில் போவதைத் தடுப்பவை இவைதான். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. கூகுளுக்கு ஒன்று, ரசீது அனுப்பும் சர்வீஸுக்கு ஒன்று என இரண்டு வரி வைத்தால் சோதனையே தவறாகிவிடும், இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். அந்த வரி 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போனாலும் தவறுதான். டிகிம் 2048 பிட் சாவி எடுங்கள். ஒரு டெக்ஸ்ட் துண்டில் 255 எழுத்துக்கு மேல் நிற்காது. சில ஹோஸ்டிங் பேனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும், சில ஓசையில்லாமல் வாலை வெட்டிவிடும். சேர்த்த பிறகு முழுச் சாவியும் இருக்கிறதா என்று வெளியிலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும். லினக்ஸ் தெரிந்தவருக்கு 'டிக்' (dig) கட்டளை போதும்.

டிமார்க்கை எடுத்ததும் 'ரிஜெக்ட்' போட வேண்டாம். 'நன்' (none, எதுவும் செய்யாதே) என்று வைத்து, அறிக்கைகள் வர ஒரு முகவரி கொடுங்கள். எக்ஸ்எம்எல் ஃபைல்கள் சிப் அல்லது ஜிசெட் ஆக வரும். அதில் ஐபியும் எண்ணிக்கையும் பாஸ்/ஃபெயிலும்தான், நன்கொடையாளர் பெயர் எதுவும் கிடையாது. பைத்தான் தெரிந்த பிளஸ் ஒன் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான புராஜெக்ட் வேறில்லை: அவிழ்த்து, படித்து, எந்த ஐபி எத்தனை மெயில் அனுப்பியது என்று ஒரு அட்டவணை. இரண்டு வாரத்தில் வேர்ட்பிரஸ் கான்டாக்ட் ஃபார்ம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேராக அனுப்புவது, ரசீது சர்வீஸ் கையொப்பம் இல்லாமல் அனுப்புவது எல்லாம் வெளியே வரும். அவற்றைச் சரி செய்துவிட்டுத்தான் 'க்வாரன்டைன்' (ஸ்பாமுக்குத் தள்ளு). அவசரப்பட்டால் 80ஜி ரசீதே ஸ்பாமுக்குப் போகும்.

போர்ட்443:

டொமைன் முதலில் என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். டிமார்க்கை முதல் வாரமே 'நன்'னில் போட்டுவிடுங்கள், அப்போதுதான் நான்காவது வாரத்துக்குள் பார்க்க ஏதாவது சேர்ந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:

டாலி கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய பிராசசர் என்றால் விண்டோஸ் 11 ஏறாது. டாலியை, இருக்கும் இரண்டு லேப்டாப்பில் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதை நெட்டிலிருந்து கழற்றிவிடுவதுதான் செலவில்லாத வழி.

மாற்றும் முன் மூன்று விஷயம் பார்க்கணும். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கியவை) பட்டியல்: எப்போதோ கிராக் சாஃப்ட்வேர் போட்டிருந்தால் அது சி டிரைவையே அந்தப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கும். டிஃபெண்டர் (விண்டோஸின் ஆன்டிவைரஸ்) பச்சை டிக் காட்டும், எதையும் பார்க்காது. அடுத்து எனிடெஸ்க் மாதிரி ரிமோட் சாஃப்ட்வேர். சர்வீஸுக்கு வந்தவர் ஆள் இல்லாமலே உள்ளே வரும்படி பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருப்பார், எடுத்துவிடுங்கள். மூன்றாவது, தினசரி வேலை பார்ப்பவருக்கு அட்மின் உரிமை வேண்டாம், ஸ்டாண்டர்டு யூசர் போதும்.

பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், வாரம் மாற்றி வாரம். காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில். எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்கை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அதே நிமிடத்தில் பூட்டிவிடும். டாலி ஃபோல்டரை கூகுள் டிரைவ் சிங்க்கில் போடுவது பேக்கப் ஆகாது. டாலி திறந்திருக்கும்போது சிங்க் ஓடினால் டேட்டா கெடவும் வாய்ப்புண்டு. எடுத்த பேக்கப்பை வேறு லேப்டாப்பில் ரெஸ்டோர் செய்து பேலன்ஸ் ஷீட் மொத்தம் ஒத்துப்போகிறதா பாருங்கள். ரெஸ்டோர் பண்ணிப் பார்க்காததை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை. இதையும் உங்கள் கணக்கர்தான் செய்ய வேண்டும். மாணவி பக்கத்திலிருந்து நேரத்தைக் குறிக்கட்டும்: கம்ப்யூட்டர் செத்தால் எத்தனை மணியில் திரும்ப வேலைக்கு வருவீர்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் 6 இலக்க டூ-ஸ்டெப் பின் போட்டு, மீட்பு மெயிலும் கொடுங்கள். லிங்க்டு டிவைசஸில் தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். அந்த சிம் யார் பெயரில் என்பதையும் பாருங்கள். க்யூஆர் அட்டையில் டிரஸ்ட் பெயரும் யுபிஐ முகவரியும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை போனில் ஸ்கேன் செய்து, வங்கியில் பதிந்த டிரஸ்ட் பெயர் வருகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டினால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

டிரஸ்ட்_ஆபீஸ்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: ஊழியர்களைச் சோதிக்க போலி மெயில் அனுப்பட்டுமா என்றும் மாணவி கேட்கிறார்.

சட்டப்புள்ளி:

கடிதத்தில் அது இல்லையென்றால் கூடாது. இருந்தாலும் 5 பேர் ஆபீஸில் யார் கிளிக் செய்தார் என்று அரை மணியில் ஊருக்கே தெரிந்துவிடும், அடுத்த முறை உண்மையாகவே ஏமாந்தவர் வாயைத் திறக்க மாட்டார். உங்களுக்கு ஏற்கெனவே வந்த மோசடி மெயில், வாட்ஸ்அப் செய்திகளில் பத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயர்களை மறைத்து, அரை மணி நேரம் தமிழில் பேசச் சொல்லுங்கள். 'நான்தான் டிரஸ்டி, மீட்டிங்கில் இருக்கேன், அவசரமா பணம் அனுப்பு' வகை கட்டாயம் இருக்கணும். வங்கிக் கணக்கு எண் மாறியது என்று மெயில் வந்தால், மெயிலில் உள்ள நம்பருக்கு இல்லாமல் பழைய டைரியில் உள்ள நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்பதை அங்கே எல்லோரும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். பணம் போய்விட்டால் முதல் கால் 1930 (சைபர் மோசடி உதவி எண்), அடுத்தது வங்கி. இரண்டு நம்பரையும் கம்ப்யூட்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

போர்ட்443:

கடைசி நாளில் மாணவியின் கணக்கை மூடுவதும் பட்டியலில் இருக்கட்டும். அவருக்கு என்று தனி ஒர்க்ஸ்பேஸ் கணக்கு, அட்மின் உரிமை இல்லாமல், மே 31 மாலை சஸ்பெண்ட். அவர் எழுதிய ஷீட்டும் பைத்தான் ஸ்கிரிப்டும் முதலில் டிரஸ்ட் கணக்குக்கு ஓனர்ஷிப் மாறட்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் இதே இடத்தில் வந்து, 'முன்னாள் இன்டர்ன் டிரைவில் எங்கள் டிஎன்எஸ் பட்டியல் மாட்டிக்கொண்டது' என்று கேட்பீர்கள் :)